விழுங்கிய பலே

தேகில் மலை ஏறும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் ஏறினான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முதுகில் மேளம் தொங்கியது. எதிரே காளான் பறித்துக்கொண்டு வந்த ஒருவர், "என்ன தேகில், சௌக்கியமா?" என்று கேட்டார். "ஏன், இல்லாம என்ன?" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் போனான். பாவம், அந்த மனிதர் அங்கேயே நின்றுவிட்டார்.

கொரியாவின் தெற்கே, ஜிரி மலைச் சரிவில், பாங் அம்மாளின் முட்டைக்கோஸ் தோட்டம் இருந்தது. அங்கேதான் அவன் போய்க்கொண்டிருந்தான்.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நன்றாகப் பாடுகிறவரை வித்வான் என்பார்கள். நன்றாகக் கேட்கிறவரையும் வித்வான் என்பார்கள். காது வித்வான். பாங் அம்மாள் காது வித்வான். அவளுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாட வாயெடுத்தால் கோழிகள் பறந்து வேலிக்கு அப்பால் போய்விடும். ஆனால் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் மேடை ஏறுவதற்கு முன்னால் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்து ஒரு தடவை வாசித்துக் காட்டுவார்கள். பிடித்திருந்தால் "பலே!" என்பாள். பிடிக்காவிட்டால் எழுந்து களை பிடுங்கப் போய்விடுவாள்.

பலே என்பதற்கு அவர்கள் மொழியில் வேறு சொல். நாம் பலே என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கச்சேரியில் கம்மென்று உட்கார்ந்திருப்பது மரியாதை ஆகாது. வாசிக்கிறவர் ஒன்றைச் சொல்லி முடித்து மூச்சு வாங்குகிறார் பாருங்கள், அந்த இடம் பார்த்து பலே போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மேளம் தட்டுகிறவனுக்கு அதுதான் பாதி வேலை. தேகில் மேளக்காரன். அவன் சொல்லும் பலேவைக் கேட்கவென்றே கச்சேரிக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த வித்தையை அவன் கற்றுக்கொண்டது பாங் அம்மாளிடம். அவள் அவனைவிட வயதில் சின்னவள்தான். அதனால் என்ன, குரு குருதான்.

அம்மாள் முற்றத்தில் பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து, முட்டைக்கோஸை இரண்டாகப் பிளந்து ஊறவைத்துக்கொண்டிருந்தாள். குளிரில் கை இரண்டும் சிவந்திருந்தன.

தேகில் மேளத்தைத் தொப்பென்று இறக்கினான்.

"மெதுவா வை. அது என்ன பண்ணிச்சு உன்னை?"

"நாளைக்கு நீங்க என்னோட டவுனுக்கு வரணும்மா."

"எதுக்கு?"

"வந்து ஒரு கச்சேரி கேக்கணும். கேட்டுட்டு, இது சங்கீதமே இல்லைன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பாங்க. அவளும் கேப்பா."

"எவ?"

"என் பொண்டாட்டிதான். வேற எவ?"

அவன் மனைவி பெயர் கும்சில். கயாகும் வாசிக்கிறவள். கயாகும் என்றால் தரையில் உட்கார்ந்து, ஒரு முனையை மடியில் ஏற்றி வைத்து வாசிக்கும் நீளமான மர வாத்தியம். பன்னிரண்டு பட்டுத் தந்திகள். ஒவ்வொரு தந்திக்கும் அடியில் அதைத் தாங்கும் தனித்தனி மரக்கட்டை, குதிரை என்பார்கள். வலது கை மீட்டும். இடது கை குதிரைக்கு அந்தப் பக்கம் தந்தியை அழுத்தி அசைக்கும், நம் ஊர் வீணையில் கமகம் பிடிப்பதுபோல. முப்பது வருஷமாக அவள் வாசிக்க இவன் தட்டினான். வலது தோளில் அவள் வாத்தியம், இடது தோளில் தன் மேளம். இரண்டையும் அவன்தான் தூக்குவான். அவளைத் தூக்க விட்டதே இல்லை.

"அவளுக்கு என்ன வந்தது?" என்றாள் அம்மாள்.

"புத்தி கெட்டுப்போச்சு. யாரோ ஒரு பொண்ணு, பட்டணத்துல படிச்சது, புதுசா ஒரு உருப்படி பண்ணிக் குடுத்திருக்கு. இவ அதைத் தலையில தூக்கி வச்சிட்டு ஆடறா. மேளமே கிடையாதாம். தனி வாசிப்பாம்! தந்தியை நகத்தால சுரண்டறாம்மா. பூனை கதவைப் பிறாண்டற மாதிரி. குதிரையை வாசிக்கும்போதே தள்ளி ஸ்ருதியைக் குலைக்கிறா. பலகையை முட்டியால தட்டறா. நடுவுல ஒரு தந்தியை மீட்டிட்டு அப்படியே உக்காந்திருக்கா. அடுத்தது வராது. சபை முழுக்க கல்லு மாதிரி காத்துக்கிட்டு இருக்கு. இதுக்குப் பேரு சங்கீதமா? சொல்லுங்க, சங்கீதமா?"

"நான் இன்னும் கேக்கலையே."

"நான் கேட்டேனே! போன வாரம் டவுன் மண்டபத்துல. எனக்கு முன்வரிசையில நாற்காலி போட்டாங்க. நாற்காலி! முப்பது வருஷம் அவ பக்கத்துல உக்காந்தவனுக்கு நாற்காலி."

"அப்புறம்?"

தேகில் தொண்டையைக் கனைத்தான்.

"அந்த இடம் வந்தது. ஒண்ணை மீட்டிட்டு உக்காந்தா. நான் பலே சொன்னேன். சபை சிரிச்சிடுச்சு. இவ கையை எடுத்தா, எழுந்தா, போயிட்டா. பாதிக் கச்சேரி அப்படியே நின்னுபோச்சு."

"சிரிச்சாங்களா?"

"பழக்கதோஷம்மா. முப்பது வருஷப் பழக்கம். வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கு இப்படியா?"

அம்மாள் கையை உதறிவிட்டு, இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டாள். நேராக அவனைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எங்கே, அன்னைக்குச் சொன்ன மாதிரியே இப்போ சொல்லு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"பலே."

"இது இல்லை."

"பலே!"

"இது நீ மேடையில சொல்றது. நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க. அன்னைக்குச் சொன்னதைச் சொல்லு."

"அதேதான்மா."

"யாருகிட்ட சொல்றே?"

தேகிலுக்குக் காது சிவந்தது. இவளிடம் போய்ப் பொய் சொல்ல நினைத்தானே, அவனை என்ன சொல்வது! ஒருவன் பலே சொன்ன குரலை வைத்து அவன் காலையில் சண்டை போட்டுவிட்டு வந்தானா, சாப்பிட்டுவிட்டு வந்தானா என்று சொல்லிவிடுகிற ஆள் அவள்.

"சொல்லு" என்றாள் மறுபடியும்.

அவனுக்கு அன்று உட்கார்ந்திருந்த நாற்காலி ஞாபகம் வந்தது. தொடையில் விரல்கள் தாளத்தைத் தேடி அலைந்தது ஞாபகம் வந்தது. ஒரு தடவைகூட அவள் அவன் பக்கம் திரும்பாமல் வாசித்தது ஞாபகம் வந்தது.

"பலே...ஏஏ!" என்று மூக்கால் இழுத்தான்.

முற்றத்து ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"ம். இதுதான்" என்றாள் அம்மாள்.

"ஆமா! கிண்டலாத்தான் சொன்னேன்!" தேகில் கத்தினான். "வேணும்னுதான் சொன்னேன். என்னைத் தூக்கி நாற்காலியில போட்டா எனக்கு எரியாதா? நான் என்ன மரமா? அதுக்காக வீட்டை விட்டுப் போவாளா? தங்கச்சி வீட்டுல போய் உக்காந்திருக்கா. மண்டபத்துக்காரங்க நாளைக்குச் சாயங்காலம் மறுபடியும் வாசிக்கச் சொல்லியிருக்காங்க. இவ தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பறா: 'வரட்டும். வந்து உக்காரட்டும். ஆனா வாயைத் திறந்தா, அத்தோட அவர் வேற, நான் வேற.' கேட்டீங்களா பேச்சை? என் வாயைப் பத்தி என் பொண்டாட்டி சட்டம் போடறா!"

"சரி. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு."

"எதை?"

"எல்லாத்தையும். உன் பக்கத்து நியாயத்தை. நான் கேக்கறேன்."

இதைத்தானே அவனும் தேடி வந்தான். சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மேளத்தை ஓரமாகத் தள்ளினான். ஆரம்பித்தான்.

"கல்யாணம் ஆன புதுசுல அவ வாசிப்பு ஒரு ஊருக்கும் தெரியாது. நான்தான் இழுத்துட்டுப் போய் மேடையில உக்கார வச்சேன்."

"பலே!" என்றாள் அம்மாள்.

தேகிலுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அவ பயந்தா நான் சத்தமா தட்டுவேன். அவ கை தடுமாறினா நான் பலே போட்டு மூடிடுவேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"அப்படிப் போடு!"

"ஒரு தடவை, மழை, மேடை முழுக்க ஒழுகுது. அவ..." அவன் எப்படிச் சொல்வதென்று ஒரு நொடி யோசித்தான்.

"பலே!"

"இருங்கம்மா. இன்னும் சொல்லலை. அவ வாத்தியம் நனையக் கூடாதுன்னு நான் என் சட்டையைக் கழட்டி..."

"ஆஹா!"

"சொல்லி முடிச்சுடறேனே."

"சொல்லு, சொல்லு. ரொம்ப நல்லாப் போகுது."

அவன் சொன்னான். அம்மாள் விடவில்லை. அவன் மூச்சு வாங்கினால் பலே. எச்சில் விழுங்கினால் பலே. ஒரு பெயர் ஞாபகத்துக்கு வராமல் மேலே பார்த்தால் அதற்கும் பலே. சொல்ல வந்தது பாதியில் நழுவிப் போகும். பிடித்து இழுத்துக்கொண்டு வருவான். மறுபடி ஒரு பலே வந்து தட்டிவிடும். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. குருவாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"அன்னைக்கு ராத்திரி மண்டபத்து வாசல்லயே அவளுக்காக நின்னேன். வந்து கத்துவான்னு நினைச்சேன். நானும் பதிலுக்குக் கத்தலாம்னு இருந்தேன். வாத்தியத்தை அவளே தோள்ல போட்டுக்கிட்டுத் தெருவுல போறா. வார் வழுக்கி வழுக்கி விழுது. நான் கையை நீட்டினேன். கொடுக்கலை. பஸ் ஏறிட்டா. நான் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். செருப்பு விடற இடத்துல அவ செருப்பு..."

நின்றுவிட்டான். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

"பலே!" என்றாள் பாங் அம்மாள்.

தேகில் எழுந்த வேகத்தில் தொட்டியை உதைத்தான். தொட்டி சாய்ந்தது. உப்புத் தண்ணீரும் முட்டைக்கோஸும் முற்றம் முழுக்க ஓடின.

"வாயை மூடுங்க!" என்று அலறினான். "வாயை மூடுங்கன்னேன்! மனுஷிதானா நீங்க? நான் அங்கே வந்து நிக்கறேன், எனக்குப் பேச்சு வரலை, அங்கே போய் பலேயா? என்ன சொல்ல வந்தேன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அம்மாள். "காலியா இருந்துச்சு. ரொப்பினேன்."

உப்புத் தண்ணீர் அவன் காலுறையை நனைத்தது.

அம்மாள் எழுந்து முட்டைக்கோஸைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் கோபம்தான். ஒவ்வொன்றையும் தொட்டிக்குள் விட்டெறிந்தாள்.

"காலையிலேர்ந்து பிளந்து ஊறவச்சது. கடங்காரா."

அவனும் குனிந்து பொறுக்கினான்.

"அது வேற, இது வேறம்மா" என்றான் கடைசியில். குரலில் இன்னும் சூடு இறங்கவில்லை. "நான் பேசினது பேச்சு. அவ வாசிக்கிறது வாத்தியம். மீட்டினா ஓசை வரும். ஓசை போனா காலிதான். காலியை எவன் கேப்பான்?"

"ஓசை எப்போ போகும்?"

"மீட்டினதும் போகும்."

"மீட்டினதும் போயிட்டா இடது கை அங்கே என்ன பண்ணுது?"

"அழுத்தி அசைக்கும்."

"எதை?"

அவன் ஒரு முட்டைக்கோஸை எடுத்துத் தொட்டிக்குள் போட்டான்.

"கும்சில் மீட்டறது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் அம்மாள்.

இதற்கு அவன் திணறவில்லை. "அதை நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். விரல் சதையால மீட்டுவா. தாளத்துக்கு ஒரு இழை முந்தி வரும். கெட்டியா இருக்கும், ஆனா குத்தாது. ஆயிரம் பேர் வாசிச்சாலும் அவளோடது எதுன்னு எடுத்துக் கொடுப்பேன்."

"சரி. அது எப்படி முடியும்?"

"என்னது?"

"அவ மீட்டின ஓசை. ஆரம்பம் சொன்னே. முடிவு சொல்லு. எங்கே போய் நிக்கும்? மேலே போயா, கீழே இறங்கியா? அசைஞ்சுக்கிட்டே போகுமா, அசையாம போகுமா?"

தேகில் யோசித்துப் பார்த்தான். முப்பது வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தவன். ஒரு ஓசைகூட முடிந்த விதம் ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் எப்போதும் அவன் அடி விழுந்திருக்கிறது. இல்லையென்றால் அவன் பலே விழுந்திருக்கிறது.

"நாளைக்கு வரேன்" என்றாள் அம்மாள். "சங்கீதமா இல்லையான்னு கேட்டுட்டுச் சொல்றேன். நீ மேளத்தை இங்கேயே வச்சிட்டுப் போ."

மறுநாள் சாயங்காலம் டவுன் மண்டபம் நிரம்பி வழிந்தது. போன வாரம் நடந்த கூத்து ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சங்கீதம் கேட்க வந்தவர்கள் பாதி, தேகில் இன்றைக்கு என்ன செய்வான் என்று பார்க்க வந்தவர்கள் பாதி. அவன் பாங் அம்மாளுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. எழுந்து நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாமா என்று இருந்தது. அம்மாள் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கும்சில் வந்தாள். உட்கார்ந்தாள். இவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

ஆரம்பமே சுரண்டல். தேகிலுக்குப் பல் கூசியது. குதிரையைத் தள்ளினாள், தந்தி அழுதுகொண்டே கீழே இறங்கியது. பலகையைத் தட்டினாள். இடது கையும் வலது கையும் ஒரே பக்கம் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி மீட்டின. இதெல்லாம் அவனுக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஓரக்கண்ணால் அம்மாளைப் பார்த்தான்.

"எனக்கும் இது பிடிக்கலை" என்று அவள் முணுமுணுத்தாள். "பேசாம கேளு."

அப்புறம் அந்த இடம் வந்தது.

நடுத் தந்தி ஒன்றை கும்சில் மீட்டினாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். இடது கை தந்தியை அழுத்தியது. சபை அவனைத் திரும்பிப் பார்த்தது. தேகிலுக்கு அது தெரியவில்லை. அவன் அந்த ஓசையின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.

ஓசை மெல்ல மேலே ஏறியது. அங்கே நடுங்கியது. தீர்ந்தது என்று நினைத்தான், தீரவில்லை. இன்னும் சன்னமாகி, இன்னும் இருந்தது. வாசற்படி வரைக்கும் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சரி வேண்டாம் என்று திரும்புகிறவளைப்போல, ஒரு சின்ன இறக்கம் இறங்கி நின்றது.

அப்படித்தான் முடிந்தது. அவள் ஓசை எப்போதும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும்.

தேகிலுக்குத் திக்கென்றது. வீட்டில் அவன் மேளம் தட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஈரக்கையோடு அறை வாசலில் வந்து நிற்பாள். அவன் தட்டிக்கொண்டே "என்ன?" என்பான். "ஒண்ணுமில்லை" என்று போய்விடுவாள். எத்தனை தடவை! ஒரு தடவையாவது குச்சியைக் கீழே வைத்தானா படுபாவி? தன்மேலேயே அவனுக்கு வெறி ஏறியது. தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அதே நேரத்தில் அது வந்தது. பலே. கிண்டல் இல்லை, பழக்கம் இல்லை, யாருக்காகவும் இல்லை. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு தொண்டைக்கு வந்தது. அவன் உதட்டைக் கடித்தான். போதவில்லை. தொப்பியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

கும்சில் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு நொடி. அப்புறம் அடுத்த தந்தியை மீட்டினாள்.

கச்சேரி முடிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் தேகில் அம்மாளை இழுக்காத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். மண்டபத்துப் படிக்கட்டில் தூண் ஓரமாக நின்று பொரிந்து தள்ளினான்.

"உங்களாலதான் கெட்டுது!"

"என்ன கெட்டுது?"

"நேத்து முழுக்க என்னைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்க. அவளும் வாயைத் திறக்காதேன்னா. இன்னைக்குத்தான்மா வந்துச்சு! இத்தனை வருஷத்துல நிஜமா வந்த பலே இது ஒண்ணுதான். இதைப் போய் விழுங்கிட்டு நிக்கறேன். பொய் பலே எல்லாம் அவ காதுல விழுந்துச்சு. இது விழலை. அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, எப்படித் தெரியும் அவளுக்கு?"

பாங் அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. கும்சில் வந்தாள், தோளில் உறை போட்ட கயாகும். இருவரையும் அவள் பார்க்கவில்லை. வாத்தியத்தை இறக்கி, தேகில் நின்ற தூணில் சாய்த்து வைத்தாள். சரியாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு வெறுங்கையோடு படியிறங்கி, வீட்டுப் பக்கம் போகிற பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.

தேகில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"பேசாம அதைத் தூக்கிக்கிட்டு நட" என்றாள் பாங் அம்மாள்.